ஐ.நா.வில் என்ன வேலைக்கு?

எம்.ஏ. முதலாண்டு வகுப்பில் ஒவ்வொரு வருடமும் இந்தக் கேள்வியைக் கேட்பேன்: "படித்து முடித்து என்ன செய்யப்போகிறீர்கள்?" பாதிப் பேராவது "ஐ.நா." என்பார்கள். "ஐ.நா.வில் என்ன வேலைக்கு?" என்று அடுத்து கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அதற்கு அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். இன்டர்நேஷனல் ஸ்டடீஸ் சொல்லிக்கொடுக்கும் எங்களைப் போன்றவர்கள் பாதுகாப்பு கவுன்சிலின் வீட்டோ பற்றி வாரக்கணக்கில் பாடம் எடுக்கிறோம். அந்த அமைப்பில் வேலைக்குச் சேரும் இருபத்தாறு வயதுக்காரர் காலையில் வந்து உட்கார்ந்து என்ன எழுதுவார், யாரிடம் பேசுவார், அவருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு வகுப்புகூட எடுப்பதில்லை.

அதனால் அந்த விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நாடு விட்டு நாடு மாற்றப்படும் ஐ.நா. அதிகாரிகள் 'பி' வரிசையில் வருவார்கள். பி-2 பணிக்கே பொதுவாக முதுகலைப் பட்டமும் இரண்டு ஆண்டு அனுபவமும் கேட்பார்கள். பி-3 என்றால் ஐந்து ஆண்டு. படிப்பை முடித்த கையோடு அங்கே நுழைய முடியாது என்பது இதிலேயே தெரிந்துவிடும். 'யங் புரொஃபஷனல்ஸ் புரோகிராம்' என்று ஒரு தேர்வு உண்டு, 32 வயதுக்குள் இருக்க வேண்டும். ஆனால் ஐ.நா. ஊழியர்களில் போதிய இடம் பெறாத நாடுகளைச் சேர்ந்தவர்கள்தான் அதை எழுத முடியும். பட்டியல் வருடாவருடம் மாறும். அதில் இந்தியா இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஜே.பி.ஓ. என்பது பணக்கார நாடுகளின் அரசுகள் தாங்களே செலவை ஏற்றுத் தங்கள் இளைஞர்களை ஐ.நா. அமைப்புகளுக்கு அனுப்பும் ஏற்பாடு. பெரும்பாலும் அந்தந்த நாட்டுக் குடிமக்களுக்குத்தான் அந்த இடங்கள்.

நமக்கு நிஜமாகவே திறந்திருக்கும் கதவுகள் இரண்டு. ஒன்று, தேசிய அதிகாரி பணிகள். ஒரு நாட்டில் இருக்கும் ஐ.நா. அலுவலகம் அந்த நாட்டவரை மட்டுமே வைத்து நிரப்பும் இடங்கள் இவை. உள்ளூர் மொழியும் நிர்வாகமும் தெரிந்தவர்கள்தான் அதற்குத் தேவை. இரண்டு, ஐ.நா. தன்னார்வலர் திட்டம். 1970-ல் பொதுச்சபை உருவாக்கியது, ஜெர்மனியின் பான் நகரில் தலைமையகம். தன்னார்வலர் என்று பெயர் இருந்தாலும் வாழ்க்கைச் செலவுக்கு மாதப்படி தருவார்கள். பி வரிசை கேட்கும் 'இரண்டு ஆண்டு அனுபவம்' பலருக்கு இங்கேதான் கிடைக்கிறது.

இன்டர்ன்ஷிப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஐ.நா. தலைமைச் செயலகம் பயிற்சி பெறுபவர்களுக்குச் சம்பளம் தருவதில்லை. 2015-ல் ஜெனீவாவில் பயிற்சியில் இருந்த ஓர் இளைஞர் வாடகை கட்ட வழியில்லாமல் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கிய செய்தி உலகம் முழுக்கப் போனது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஸ்டைபெண்ட் தருகிறது, உலக சுகாதார அமைப்பும் 2020-லிருந்து தர ஆரம்பித்தது. ஒரு மாணவி "மேடம், நியூயார்க்கில் மூன்று மாதம் இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கு, அப்பா நகையை வைக்கலாம்னு சொல்றார்" என்று வந்து நின்றால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்த மூன்று மாதம் தரும் கடிதத்தைவிட அந்த நகை அந்த வீட்டுக்கு முக்கியம்.

2025 இந்தத் துறையில் பெரிய அடி விழுந்த வருடம். ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது. ஜூலை மாதம், அந்த உதவியை வழங்கிவந்த யு.எஸ்.எய்ட் என்ற அமைப்பே தனியாக இல்லாமல் போய்விட்டது. அகதிகளுக்கான ஐ.நா. ஆணையம் ஏறக்குறைய 3,500 பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தது. உலக உணவுத் திட்டமும் ஆட்குறைப்பில் இறங்கியது. இருபது வருட அனுபவம் உள்ளவர்கள் வேலை தேடிக்கொண்டிருக்கும் சந்தையில்தான் நம் பிள்ளைகள் இப்போது கால்வைக்கிறார்கள். இதைச் சொல்லாமல் 'உலகம் உங்களுக்காகக் காத்திருக்கிறது' என்று மேடையில் பேசும் விருந்தினர்களை நான் இனி கல்லூரிக்கு அழைப்பதில்லை.

இந்திய வெளியுறவுப் பணி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதற்குப் பயிற்சி மையங்கள் ஏராளம். யு.பி.எஸ்.சி. வழிதான், இடங்கள் மிகக் குறைவு. ஆனால் அந்தக் கனவோடு வரும் சென்னைப் பெண்களிடம் சி.பி.முத்தம்மாவின் பெயரைச் சொல்லாமல் விடமாட்டேன். விமன்ஸ் கிறிஸ்டியன் காலேஜிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். 1948-ல் குடிமைப் பணித் தேர்வில் வென்று, வெளியுறவுப் பணிக்குள் நுழைந்த முதல் பெண் ஆனார். கல்யாணம் செய்தால் ராஜினாமா செய்துவிடுவேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் பெண்கள் அன்று சேர முடியும். பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1979-ல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ண ஐயர் அளித்த தீர்ப்பு, பணிவிதிகளில் இருந்த பாரபட்சத்தைக் கடுமையாகச் சாடியது. இன்று தூதரகங்களில் இருக்கும் ஒவ்வொரு பெண் அதிகாரியும் அந்த வழக்குக்குக் கடன்பட்டவர்.

இனி, நான் உண்மையில் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன்.

சென்னை அபிராமபுரத்தில், செயின்ட் மேரீஸ் சாலையில், பல நாட்டு அரசுகளுக்குச் சொந்தமான ஒரு அமைப்பின் தலைமையகம் இருக்கிறது. வங்காள விரிகுடாத் திட்டம் என்று பெயர். 1979-ல் ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு தொடங்கிய மீன்வளத் திட்டம் அது. 2003-லிருந்து இந்தியா, வங்கதேசம், இலங்கை, மாலத்தீவு என நான்கு நாடுகள் சேர்ந்த அரசுகளுக்கிடை அமைப்பாக நடக்கிறது. எத்தனையோ வருடமாக வகுப்பில் கேட்கிறேன், இதன் பெயரைக் கேள்விப்பட்ட மாணவர்கள் அபூர்வம். அந்தத் தெரு வழியாக தினமும் பஸ்ஸில் போகிறவர்களுக்கே தெரியாது.

அதே சென்னையில் இன்னொரு அலுவலகம் உண்டு. மீனவத் தொழிலாளர்களுக்கு ஆதரவான சர்வதேசக் கூட்டமைப்பு, ஐ.சி.எஸ்.எஃப். அது உருவான கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1984-ல் ரோமில் உணவு மற்றும் வேளாண் அமைப்பு உலக மீன்வள மாநாடு நடத்தியது. அரசுகள் வந்தன, நிபுணர்கள் வந்தார்கள், மீன் பிடிக்கிறவர்களுக்கு அங்கே நாற்காலி இல்லை. பல நாட்டு மீனவர்களும் அவர்களோடு நின்றவர்களும் அதே ஊரில் அதே சமயத்தில் தங்களுக்கென்று ஒரு மாநாடு கூட்டினார்கள். அதிலிருந்துதான் 1986-ல் திருவனந்தபுரத்தில் ஐ.சி.எஸ்.எஃப். பிறந்தது.

அதன் செயலாளராகச் சென்னையில் இருந்து பல ஆண்டுகள் வேலை பார்த்தவர் சந்திரிகா சர்மா. உலகச் சிறுதொழில் மீனவர்களுக்கென்று வழிகாட்டு நெறிகள் கொண்ட ஒரு சர்வதேச ஆவணம் வேண்டும் என்ற முயற்சியில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. உலகின் பல வட்டாரங்களில் கலந்தாய்வு நடந்தது. 120-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 4,000 பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். பிறகு 2013 மே மாதமும் 2014 பிப்ரவரியிலும் அரசுகள் ரோமில் உட்கார்ந்து வரி வரியாகப் பேரம் பேசின. இப்படிப்பட்ட கூட்டங்களில் ஒத்துவராத சொற்களைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டு வைப்பார்கள். ஒவ்வொரு அடைப்புக்குறியாக நீக்கிக்கொண்டே வருவதுதான் வேலை. நள்ளிரவு வரை இழுக்கும். யார் தன் பக்கத்து நியாயத்தை ஒரு வாக்கியத்தில் எழுதிக் கையில் வைத்திருக்கிறாரோ அவர் சொல் உள்ளே போகும்.

அப்படி உள்ளே போனவற்றில் ஒன்றை மட்டும் பாருங்கள். அந்த வழிகாட்டு நெறிகளில் 'சிறுதொழில் மீன்பிடிப்பு' என்பது கடலுக்குள் வலை வீசுவதோடு முடியவில்லை. பிடிப்பதற்கு முன் நடக்கும் வேலை, பிடித்த பிறகு நடக்கும் வேலை, ஆண், பெண் எல்லாரும் அதில் அடக்கம். காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கும் அம்மா, கடற்கரையில் கருவாடு காயவைக்கும் பாட்டி, கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாகப் போகும் பெண், இவர்கள் எல்லாரும் அந்த ஆவணத்தின்படி மீன்வளத்தில் பங்கு உள்ளவர்கள். இந்தச் சொற்றொடரை எழுதுவதற்குக் கரையில் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். ரோமில் எந்த நேரத்தில் எந்தப் பத்தியில் அதைச் செருக வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் தெரிந்தவர்கள் உலகத்திலேயே குறைவு.

2014 மார்ச் மாதம் மங்கோலியாவில் நடக்கவிருந்த உணவு மற்றும் வேளாண் அமைப்பின் வட்டார மாநாட்டுக்குச் சந்திரிகா சர்மா கிளம்பினார். கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் போகும் விமானத்தில் ஏறினார். அது, காணாமல்போன எம்.எச்.370. அந்த ஜூன் மாதம் ரோமில் வழிகாட்டு நெறிகள் ஏற்கப்பட்டபோது அவற்றை அவருக்கே அர்ப்பணித்தார்கள். நாடுகள் பேரம்பேசி எழுதிய ஓர் ஆவணம், சென்னையில் சிறிய அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு அர்ப்பணிக்கப்பட்டிருக்கிறது. 'அர்த்தமுள்ள சர்வதேச வேலை' என்று என் மாணவர்கள் சொல்லும்போது எனக்கு நினைவுக்கு வரும் முதல் முகம் அவருடையதுதான்.

இன்னொரு உதாரணம் திண்டுக்கல். 2021 ஜனவரியில் அங்கே ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொலை செய்யப்பட்டார். அவருக்கு மேற்பார்வையாளராக இருந்தவர்மீது குற்றச்சாட்டு. தலித் பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் அந்தப் பிரச்சினையைக் கையிலெடுத்தது. ஆசிய அளவிலான தொழிற்சங்கக் கூட்டணியும் வாஷிங்டனில் இருக்கும் தொழிலாளர் உரிமை அமைப்பும் சேர்ந்துகொண்டன. 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கையெழுத்தானது. உற்பத்தியாளரான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் ஒரு பக்கம், எச் அண்ட் எம், பிறகு கேப், பி.வி.எச். என்று வாங்கும் நிறுவனங்கள் இன்னொரு பக்கம். தொழிற்சாலைக்குள் பாலியல் தொல்லையைக் கவனித்துச் சொல்லத் தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள் வேண்டும், புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது, ஒப்பந்தத்தை மீறினால் வாங்கும் நிறுவனம் வியாபார ரீதியாக நடவடிக்கை எடுக்கக் கட்டுப்பட்டது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் தொழிலாளர் உரிமை பற்றிப் பேசுகிறவர்கள் திண்டுக்கல் என்ற பெயரைச் சரளமாகச் சொல்கிறார்கள். நம் பாடத்திட்டத்தில் அது இல்லை.

ஜெர்மனியில் 2023 ஜனவரி முதல் சப்ளை செயின் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பெரிய நிறுவனங்கள் தங்களுக்குச் சரக்கு வரும் இடங்களில் மனித உரிமை மீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதே அதன் சாரம். அதன் நிழல் திருப்பூரில் விழுகிறது, கரூரில் விழுகிறது, ஆம்பூர் தோல் தொழிற்சாலைகளில் விழுகிறது. இந்தச் சட்டங்களைப் படித்துப் புரிந்து, ஒரு நூற்பாலை விடுதியில் இருக்கும் பெண்ணிடம் தமிழில் பேசி, அதை ஹாம்பர்கில் இருப்பவருக்குப் புரியும் அறிக்கையாக எழுதத் தெரிந்த ஆள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? இந்த வேலைக்கு இன்று எம்.பி.ஏ. படித்தவர்களும் வக்கீல்களும்தான் போகிறார்கள். போகட்டும், ஆனால் ஒப்பந்தங்களும் சர்வதேச அமைப்புகளும் தங்கள் பாடம் என்று சொல்லிக்கொள்ளும் நம் மாணவர்கள் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்காதது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். ஏதாவது ஒரு விஷயத்தை அடிவரை தெரிந்துகொள்ளுங்கள். மீன், துணி, அகதி, தண்ணீர், கப்பல் மாலுமிகள், வளைகுடாவுக்குப் போகும் தொழிலாளர்கள், எதுவானாலும் சரி. அந்த விஷயம் எந்த இடத்தில் எல்லை தாண்டுகிறதோ அந்த இடத்தில் உங்களுக்கு வேலை இருக்கும். 'எனக்கு ஜியோபாலிட்டிக்ஸில் ஆர்வம்' என்று எழுதிய சி.வி.யை யாரும் இரண்டாவது முறை படிப்பதில்லை. 'பாக் நீரிணையில் இழுவைமடிப் பிரச்சினை பற்றி இரண்டு வருடம் வேலை செய்தேன், 2017-ல் இலங்கை இழுவைமடியைத் தடைசெய்த பிறகு ராமேஸ்வரத்தில் என்ன மாறியது என்று எழுதியிருக்கிறேன்' என்று எழுதியவரை நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள்.

மொழி விஷயத்தில் எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு. எல்லாரும் பிரெஞ்சு வகுப்புக்குப் போகிறார்கள். நல்லது, ஐ.நா. செயலகத்தின் இரண்டு பணிமொழிகளில் அது ஒன்று. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து வரும் மாணவர் சிங்களம் படித்தால் அவருக்கு இருக்கும் மதிப்பே வேறு. நமக்கு மிக அருகில் இருக்கும் நாட்டின் பெரும்பான்மை மக்கள் பேசும் மொழியில் செய்தித்தாள் வாசிக்கத் தெரிந்த தமிழ்நாட்டு ஆய்வாளரை எனக்கு விரல்விட்டு எண்ணத்தான் முடிகிறது. அவர்கள் நாடாளுமன்றத்தில் என்ன பேசிக்கொள்கிறார்கள், காலியிலும் மாத்தறையிலும் இருக்கும் சிங்கள மீனவர்கள் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் நாம் தெரிந்துகொள்கிறோம். பர்மிய மொழியும் அப்படித்தான்.

அகதிகள் விஷயமும் நம் வாசலிலேயே இருக்கிறது. 1951-ம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆனாலும் 1983-லிருந்து வந்த இலங்கைத் தமிழர்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இன்றும் தமிழ்நாட்டின் நூற்றுக்கும் அதிகமான முகாம்களில் வாழ்கிறார்கள். முகாமிலேயே பிறந்து, முகாமிலேயே பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழ், இலங்கைக் குடியுரிமைப் பதிவு, திரும்பிப் போக விரும்புகிறவர்களுக்கான ஆவணங்கள், இவற்றில் அனுபவம் உள்ளவருக்கு உலகத்தில் எந்த அகதி அமைப்பிலும் பேச்சுக்கு இடம் உண்டு. ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் 1984-லிருந்து இந்த வேலையைச் செய்கிறது. அகதிகளே அகதிகளுக்காக நடத்தும் அமைப்பு. ஜெனீவாவில் 'அகதிகள் தலைமையிலான அமைப்புகள்' என்று இப்போது மாநாடு போடுகிறார்கள். சென்னையில் அது நாற்பது வருடமாக நடந்துகொண்டிருக்கிறது.

பண விஷயத்தை விட்டுவிட்டு அறிவுரை சொல்வது அநியாயம். வெளிநாட்டில் முதுகலை படிக்கக் கல்விக்கடன் வாங்குவதற்கு முன் இவற்றைப் பாருங்கள். எராஸ்மஸ் முண்டுஸ் உதவித்தொகை கட்டணத்தையும் மாதச் செலவையும் தருகிறது, பல நாடுகளில் படிக்கலாம். செவனிங் கிடைக்க இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும். படிப்பு முடிந்ததும் திரும்பி வந்து இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்கவும் வேண்டும். பட்டியல் சாதி மாணவர்களுக்கும் இன்னும் சில பிரிவினருக்கும் மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை உண்டு. என் அனுபவத்தில், கல்லூரி முடித்ததும் உள்ளூர் அமைப்பு ஒன்றில் இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு விண்ணப்பித்தவர்களுக்குத்தான் இவை கிடைத்திருக்கின்றன. எழுதுவதற்கு அவர்களிடம் விஷயம் இருந்தது, அதுதான் காரணம்.

இனி என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு.

நமக்கும் 'சர்வதேச வாழ்க்கை' என்று ஓர் ஏக்கம் உண்டு. பெரும்பாலும் வட அமெரிக்காவில் நடக்கும் இன்டர்நேஷனல் ஸ்டடீஸ் அசோசியேஷன் மாநாட்டுக்குப் போய்வர விமானச் செலவு, விசா, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்தால் ஒரு கௌரவ விரிவுரையாளரின் பல மாதச் சம்பளம் கரைந்துவிடும். அந்த அமைப்புக்கு மேற்குலகுக்கு வெளியிலிருந்து முதன்முதலாகத் தலைவரானவர் அமிதாவ் ஆச்சார்யா, கட்டாக்கிலும் டெல்லியிலும் படித்தவர். 2014-ல் அவர் ஆற்றிய தலைமையுரையில், இந்தத் துறை மேற்குலகின் அனுபவத்தை மட்டும் வைத்து எழுதப்பட்டிருக்கிறது, மற்ற வட்டாரங்களின் வரலாறும் சிந்தனையும் உள்ளே வர வேண்டும் என்று வாதாடினார். அந்த உரை நமக்கான அழைப்பு என்றே எடுத்துக்கொள்கிறேன்.

உள்ளே வர வேண்டிய அந்த அறிவு எப்படி இருக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே முன்மாதிரி இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தெற்கு, தென்கிழக்கு ஆசிய ஆய்வு மையத்தைத் தொடங்கி நடத்தியவர் பேராசிரியர் வி.சூரியநாராயண். கச்சத்தீவு பற்றியும் பாக் நீரிணை மீனவர்கள் பற்றியும் 1994-லேயே புத்தகம் எழுதினார். மலையகத் தமிழர், அகதிகள், மீனவர் என்று தன் கடற்கரைக்கு எதிரே இருக்கும் நாட்டைத்தான் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தார். இந்திய-இலங்கை உறவு பற்றி யார் எழுதினாலும் அவரைப் படிக்காமல் தாண்டிப் போக முடியாது.

வகுப்பில் நான் இப்போது சில விஷயங்களை மாற்றியிருக்கிறேன். மார்கெந்தா, வால்ட்ஸ் போன்ற கோட்பாட்டாளர்களை விடவில்லை, அவர்கள் தேவை. கூடவே 1974, 1976 இந்திய-இலங்கைக் கடல் எல்லை ஒப்பந்தங்களின் மூலப் பிரதியைக் கையில் கொடுத்துவிடுகிறேன். சில பக்கங்கள்தான். மேடையில் ஆளுக்கொரு விதமாகப் பேசப்படும் அந்த ஒப்பந்தங்களில் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்ததும் பிள்ளைகள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். மாடல் யு.என். போட்டிகளுக்குப் போகும் நேரத்தில் பாதியை எடுத்து, இரண்டு பக்கக் குறிப்பு எழுதவைக்கிறேன்: ஒரு பிரச்சினை, மூன்று தெரிவுகள், ஒரு பரிந்துரை, வளவள இல்லாமல். கோட் போட்டுக்கொண்டு பிரான்ஸ் சார்பாகப் பேசுவது கூச்சத்தைப் போக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் வேலை கொடுப்பவர்கள் கேட்பது இந்த இரண்டு பக்கத்தைத்தான்.

அதே குறிப்பைத் தமிழிலும் எழுதச் சொல்கிறேன். இதற்கு முதலில் எதிர்ப்பு வரும், தமிழ்வழியில் படித்து வந்தவர்களிடமிருந்தே வரும். இங்கிலீஷ் போதாது என்று பயந்துகொண்டிருக்கும் பிள்ளைகள் அவர்கள். ஆனால் தொண்டியிலோ மண்டபத்திலோ மீனவர் சங்கத்தில் உட்கார்ந்து சர்வதேசக் கடல் சட்டத்தை விளக்க வேண்டுமென்றால் அந்தப் பிள்ளைகள்தான் விளக்க முடியும். போன பருவத்தில் ஒரு மாணவர், சிறுதொழில் மீன்பிடி வழிகாட்டு நெறிகளில் பாலினச் சமத்துவம் பற்றிய எட்டாவது அத்தியாயத்தைத் தன் அம்மாவுக்குப் புரியும்படி தமிழில் எழுதிக்கொண்டு வந்தார். அவர் அம்மா மீன் விற்கிறவர். வரும் பருவத்தில் மொத்த வகுப்பும் ஆளுக்கொரு அத்தியாயம் எடுத்து அதைச் செய்யப்போகிறது. எழுதி முடித்ததும் அவற்றைக் கடற்கரை ஊர்களின் மகளிர் குழுக்களிடம் கொண்டுபோய்க் கொடுத்து, எந்த இடம் புரியவில்லை என்று அவர்களையே கேட்டுத் திருத்துவதாகத் திட்டம்.